செருப்புக்குக் காவல்

ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியையின் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, "எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டு வாருங்கள்" என்று சொன்னால் போதும், அவள் கடல் தாண்டியும் போவாள். எங்கள் சபைத் தலைவருக்கு இது நன்றாகத் தெரியும். மலேசியாவின் கிள்ளானில் எங்கள் சபை வெளியிடும் ஆண்டு மலருக்கு ஒரு போதகரைப் பற்றிய கட்டுரை வேண்டுமாம். செங்கல்பட்டுப் பக்கம் ஜெயசீலன் என்று ஒருவர் இருபது வருடமாக இருளர் மக்களோடு வேலை செய்கிறார், நேரில் பார்த்து எழுதுங்கள் என்று பன்னிரண்டு கேள்விகள் அச்சடித்த தாளை என்னிடம் நீட்டினார். நான்காவது கேள்விக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்: ‘இதுவரை எத்தனை இருளருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்?’

சனிக்கிழமை மதியம் படூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். ஏழு பேர் உட்காரலாம் என்பது ஓட்டுநரின் கணிப்பு. நாங்கள் பத்துப் பேரும் என் பெட்டியும் இருந்தோம். என் தோளில் முழங்கையை ஊன்றியிருந்த மனைத் தரகர் போனில் யாருக்கோ மனை விற்றுக்கொண்டு வந்தார்.

"சார், சைட்லேந்து பீச்சு அஞ்சே நிமிஷம் சார். காலைல எய்ந்து ஜன்னல தொறந்தா கடல் காத்து மூஞ்சில அடிக்கும்."

திருப்போரூருக்குக் கொஞ்ச தூரம் முன்னால் ஆட்டோ இருமி இருமி நின்றுவிட்டது. கேஸ் தீர்ந்துவிட்டதாம். கிள்ளானில் இப்படி நடந்தால் நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு வண்டிக்கு போன் போடுவோம். இங்கே எல்லோரும் பேசாமல் இறங்கித் தள்ள ஆரம்பித்தார்கள். அறுபத்து நான்கு வயதில் நானும் தள்ளினேன். தரகர் ஒரு கையால் தள்ளிக்கொண்டே, "இப்போ சைட்லதான் சார் நிக்கறேன், இன்னா காத்துன்றீங்க!" என்றார். அந்த வெயிலில் ஒரு இலைகூட அசையவில்லை.

திருப்போரூரில் என்னை அழைத்துப் போக வந்தவரைப் பார்த்ததும் போதகர் வீட்டு வேலையாள் என்று நினைத்துவிட்டேன். வெளுத்துப் போன அரைக்கைச் சட்டை, நரைத்த தாடி, ரப்பர் செருப்பு, பழைய மொபெட். "நான்தான் ஜெயசீலன். பெட்டிய முன்னாடி வச்சுக்கறேன், நீங்க பின்னாடி கெட்டியா புடிச்சுக்குங்க டீச்சர்" என்றார். மஞ்சள் கல் நட்டு, கொடி கட்டி வைத்திருந்த மனைகளைத் தாண்டி, ஏரிக்கரை ஓரமாகப் போனோம். நான் பிடித்த பிடியில் அவர் சட்டையில் ஒரு தையல் விட்டுப்போனது. அவர் சொல்லவில்லை, மறுநாள் அவர் மனைவி கிரேஸ் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

ஞாயிறு காலை இட்லியும் வடகறியும். இட்லிக்குக் குழம்பாகக் கடலைப்பருப்பு வடையை உடைத்துப் போடும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். ஐந்து இட்லி சாப்பிட்டேன். எங்கள் ஊரில் "பசியாறியாச்சா?" என்று கேட்போம். கிரேஸ், "நாஸ்தா போதுமா, இன்னும் ரெண்டு வைக்கவா?" என்றார். ஆறாவதையும் வைத்துவிட்டார்.

சபையின் கோயில் சிறியது. ஓட்டுக் கூரை, சிமென்ட் தரை, ஐம்பது பேருக்குப் பாய். ஊரில் பெரும்பாலும் விவசாயக் கூலிகளும் கொத்தனார்களும், படூர் பக்கம் வீட்டு வேலைக்குப் போகிற பெண்களும். எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். எங்கள் சபையில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து மாதம் ஒருமுறைதான். இங்கே வாராவாரம். அதுவும் ஒரே கிண்ணம், எல்லோருக்கும். சாதி பார்த்து ஒதுங்குகிறவர்களுக்கென்று தனிச் சிறு கிண்ணங்கள் வைக்கச் சொல்லி ஒரு காலத்தில் பெரிய சண்டை நடந்ததாம். இவர் மசியவில்லை. நான்கைந்து குடும்பங்கள் சபையை விட்டே போய்விட்டன. பிறகு இரண்டு குடும்பம் திரும்பி வந்து அதே கிண்ணத்தில் குடித்தன என்று கிரேஸ் சொன்னார்.

அன்று அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போனபோது ஒரே ஒரு பெண் மட்டும் எழவில்லை. நாற்பது வயது இருக்கும். ஒல்லி, எண்ணெய் வைத்து இறுக்கிக் கட்டிய கொண்டை. வாசற்படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, கையில் ஒரு குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். ஊரில் செருப்பு என்றால் உயிரை விடும் நாய்கள் நாலைந்து உண்டு. ஒன்று கிட்டே வந்தது. குச்சியைத் தூக்கினாள், போய்விட்டது. பிறகு திரும்பி, பலிபீடத்தின் முன் முழங்காலில் நிற்பவர்களின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ தேசம்மா" என்றார் கிரேஸ். "ஞானஸ்நானம் வாங்கல. அதான் பந்திக்கு வர மாட்டா. சும்மா உக்கார்றதுக்கு இதையாவது பண்றேன்னு அவளே எடுத்துகினா."

தேசம்மாவும் கணவனும் எட்டு வருடம் ஒரு சவுக்குத் தோப்பில் கொத்தடிமையாக மரம் வெட்டியவர்கள். ஜெயசீலன்தான் அதிகாரிகளை அழைத்துப் போய் மீட்டார். இப்போது கணவனுக்கு படூரில் ஒரு அடுக்குமாடியில் தோட்ட வேலை. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. தேசம்மா நான்கு வருடமாக ஞானஸ்நானம் கேட்கிறாள். போதகர் கொடுக்கவில்லை.

மத்தியானம் விரால் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே நான்காவது கேள்வியைக் கேட்டேன்.

"இருளர்லயா? ஒருத்தருக்கும் இல்ல டீச்சர்" என்றார், முள்ளை ஒதுக்கியபடி.

எங்கள் தலைவரின் சிவப்புக் கோடு கண் முன்னால் வந்து நின்றது.

அவர் காரணம் சொன்னார். சுனாமி சமயம் இளம் போதகராக ஒரு கடலோரக் குப்பத்தில் நிவாரண வேலை பார்த்தாராம். வலை கொடுத்த மறுவாரம் ஒரு மீனவர் வந்து தலையைக் குனிந்து நின்றிருக்கிறார். "தண்ணி ஊத்துங்க சாமி. வலை குடுத்தீங்கல்ல" என்று சொன்னாராம். அதைச் சொல்லும்போது ஜெயசீலனின் குரல் இன்றும் இறங்கியது. "அந்த மனுசன் கூனி நின்ன மாரி இன்னொருத்தர் என் முன்னாடி நிக்கக் கூடாது டீச்சர். அதான் ஒரு சட்டம் வச்சுகினேன். என்கிட்ட உதவி வாங்கினவங்க, மூணு வருஷம் எந்த உதவியும் வாங்காம இருக்கணும். நன்றியெல்லாம் ஆறிப்போயிடணும். அப்பவும் கேட்டா, அது நிசம்."

கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. ஆள் கணக்கு காட்டுவதற்கென்றே ஊழியம் செய்கிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். நோட்டில் எழுதி, இரண்டு கோடு போட்டேன்.

திங்கட்கிழமை செங்கல்பட்டில் குறைதீர்க்கும் நாள். தேசம்மா மகளின் சாதிச் சான்றிதழுக்காக மனு கொடுக்க வந்திருந்தாள். பேருந்தில் மூன்று பேரும் நின்றுகொண்டே போனோம். கலெக்டர் அலுவலக வாசல்வரை வந்த ஜெயசீலன், எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்கள் உள்ளே போகவில்லையா?"

"நான் போனா அடுத்த தடவையும் நான்தான் போவணும். அவளுக்கு வாய் கீது, நல்லாவே பேசுவா."

இதுதான் அவர் வேலை செய்யும் விதம். இருபது வருடத்தில் எத்தனையோ குடும்பங்களை அந்த வாசல்வரை கூட்டி வந்திருக்கிறார், ஒருவருக்காகவும் உள்ளே போய்ப் பேசியதில்லை. ஒரு மணி நேரம் கழித்து தேசம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். ரசீதை மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். "அந்த மேடம் நாற்காலி போட்டு உக்கார வெச்சாங்க. பாப்பா இன்னா படிக்குது, இன்னா மார்க்குன்னு எல்லாம் கேட்டாங்க" என்றாள். கடைக்காரரிடம் மூன்று டீ சொன்னாள். காசும் அவளே கொடுத்தாள்.

அவள் பேருந்து நேரம் விசாரிக்கப் போனதும் ஜெயசீலன் மெதுவாகச் சொன்னார்: "மனுவ நான்தான் எழுதிக் குடுத்தேன் டீச்சர். அவளுக்கு எழுத வராது. அதனால மூணு வருஷக் கணக்கு இன்னைலேந்து மறுபடி."

"மறுபடியுமா?"

"போன தடவ ரேஷன் கார்டு. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான?"

இப்படி ஒரு நேர்மையா என்று அப்போதும் வியந்தேன். இன்னும் ஒரு கோடு போட்டேன். முப்பத்திரண்டு வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தவளுக்கு அந்த இடத்தில் ஏன் எதுவும் உறைக்கவில்லை என்று இன்றுவரை எனக்குக் கோபம்.

அந்த வாரமே மாசி மகம் வந்தது. மாசி மகத்துக்கு இருளர் மக்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட தங்கள் தெய்வம் கன்னியம்மாவைச் சமாதானம் செய்து வீட்டுக்கு அழைப்பது வழக்கம். வடமாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் வந்து, புடவைகளைக் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். ஜெயசீலனும் ஒவ்வொரு வருடமும் போவார், பிரசங்கம் செய்ய அல்ல. எந்தக் குடும்பத்துக்கு எந்தச் சான்றிதழ் வரவில்லை என்று கேட்டு எழுத ஒரு பாயும் பேனாவும் எடுத்துப் போவார். "அது அவங்க அம்மா வூட்டு விசேஷம். நான் விருந்தாளி" என்று என்னையும் எச்சரித்துத்தான் கூட்டிப் போனார்.

வெளிச்சம் வரும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். கடற்கரைக் கோயிலைப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். ஈர மணலில் ஏழு படி கட்டி, பூவும் தேங்காயும் வைத்திருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வண்ண வண்ணப் புடவைக் கூடாரங்கள். சூரியன் எட்டிப் பார்த்ததும் பக்கத்திலேயே ஒரு கல்யாணம் முடிந்துவிட்டது, மஞ்சள் கயிறும் குலவையும் மட்டும்தான். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபங்களையும் மூன்று வகை பிரியாணியையும் நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை வெட்கத்தில் என் காலைப் போய் மிதித்துவிட்டான்.

தேசம்மா தன் கூடாரத்தில் எனக்குக் கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டாள். காலை ஏழு மணிக்குக் கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். அவள் தலையில் கன்னியம்மாவுக்கு வைத்த பூவில் ஒரு கிள்ளு இருந்தது. எனக்குள் இருந்த டீச்சர் சும்மா இருப்பாளா?

"கன்னியம்மாவைக் கும்பிடுகிறாயே, ஞானஸ்நானமும் கேட்கிறாயே?"

"ஆத்தாவண்ட சொல்லிட்டுதாம்மா கேக்கறேன்" என்றாள் வெடுக்கென்று. "தோப்புல இருக்கசொல்ல எங்கள கூட உக்கார வெச்சி யாரும் துன்னதில்ல. அங்க கோயில்ல எல்லாரும் ஒரே கிண்ணத்துல வாய் வெச்சிக் குடிக்கறாங்க. அத்த நாலு வருஷமா படிலேந்து பாத்துகினுக்கீறன். எனக்கும் அங்க போய் முட்டி போடணும். வர்ற ஈஸ்டரோட மூணு வருஷம் முடியுது. எண்ணிகினு வர்றேன்."

அவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிவதற்குள் வாய் முந்திக்கொண்டது. "ஈஸ்டரோடா? திங்கட்கிழமை மனு எழுதிக் கொடுத்ததால் கணக்கு மறுபடியும் முதலில் இருந்து என்றாரே!"

தேசம்மா கையிலிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள். நேராக ஜெயசீலனின் பாயை நோக்கி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அங்கே அவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாஸ்டரு, மனு எய்தினதுக்கு மறுபடியும் மூணு வருஷமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். "ஆமா தேசம்மா. சொல்லணும்னுதான் இருந்தேன். உன் நல்லதுக்குத்தான்."

"தோப்புக்காரரும் இதத்தான் சொன்னாரு." அவள் கத்தவில்லை. "பாப்பாவுக்கு ஜொரம் வந்துச்சி. அவருதான் வண்டில ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாரு. நல்ல மனுசன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். வந்தப்புறம், இன்னும் ஒரு சீசன் வெட்டிட்டுப் போன்னாரு. எங்க மாமனாரு செத்தப்போ குழி வெட்ட ஆளு அனுப்பினாரு, இன்னும் ரெண்டு சீசன்னாரு. நீ ரேஷன் கார்டுக்கு எய்திக் குடுத்த, மூணு வருஷம்ன. இப்போ மனு எய்திக் குடுத்த, இன்னும் மூணு வருஷம்ன்ற. அவரு தோப்புலேந்து வெளிய வுடல. நீ கோயிலுக்கு உள்ள வுடல. எனுக்கு இன்னா வித்தியாசம், நீயே சொல்லு?"

ஜெயசீலன் பேனாவின் மூடியைத் தேடினார். அது அவர் மடியிலேயே இருந்தது, கண்ணில் படவில்லை. பிறகு எழுந்து, தண்ணீர் ஓரமாகத் தெற்கே நடந்து போய்விட்டார்.

எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. அதைவிட, நோட்டில் போட்ட மூன்று கோடுகளை நினைத்து வெட்கமாக இருந்தது. ஒருவர் எப்போது உண்மையாக ஆசைப்படுகிறார் என்பதை இன்னொருவர் உட்கார்ந்து தீர்மானிப்பதை நேர்மை என்று எழுதி வைத்திருந்தேன். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் தேசம்மா ஈஸ்டர் அன்று புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்து ஏமாந்திருப்பாள் என்பது மட்டும் ஒரு சின்ன ஆறுதல்.

வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்தார். தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார் என்று நினைத்தேன். முன்பு இருந்த அதே பத்துப் பதினைந்து பேரையும் கூப்பிட்டு, அவர்கள் நடுவில் தேசம்மாவின் முன்னால் மணலில் உட்கார்ந்தார்.

"நான் பண்ணது தப்பு தேசம்மா. உன்ன நம்பாம என் சட்டத்த நம்பினேன். மன்னிச்சிடு. வர்ற ஞாயித்துக்கெழம வச்சுக்கலாமா?"

ஐம்பதைத் தாண்டிய ஒரு போதகர் அத்தனை பேர் எதிரில் இப்படிச் சொல்வதை நான் எங்கேயும் கண்டதில்லை. தேசம்மா உடனே இளகிவிடவில்லை.

"நீ ஊத்தாத. நீ ஊத்தினா, தோப்புலேந்து மீட்டதுக்கு நன்னி சொல்றாளோன்னு ராத்திரில உனுக்குத் தூக்கம் வராது. வேற யாரனா இட்டுகினு வா."

"சரி."

"அன்னிக்கி நீ என் எடத்துல உக்காரு."

"படிலயா?"

"படிலதான். செருப்பு பாத்துக்கோ. ஒரு நாளு உக்காந்து பாரு, அங்கேந்து எப்பிடி இருக்குதுன்னு."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஜெயசீலன் சிரிக்கவில்லை. "உக்கார்றேன்" என்றார்.

ஞாயிறு அன்று கோவளத்திலிருந்து சுகந்தி என்ற பெண் போதகர் பேருந்தில் வந்து இறங்கினார். தேசம்மா பச்சைப் புடவை கட்டியிருந்தாள். கணவனும் மகளும் வந்திருந்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றியபோது கண்ணை மூடாமல் விழித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். பெயரை மாற்ற வேண்டுமா என்று சுகந்தி கேட்டதற்கு, "இதுக்கு இன்னா கொறச்சல்?" என்றாள். தேசம்மா தேசம்மாவாகவே இருந்தாள்.

திருவிருந்து வந்தது. நான் அவள் பக்கத்திலேயே முழங்காலில் நின்றேன். அப்பத்தை வாங்க அவள் கைகளை நீட்டினாள். மரம் வெட்டிக் காய்த்துப்போன உள்ளங்கைகள். கிண்ணம் எனக்கு வந்து, என்னிடமிருந்து அவளுக்குப் போனது. அவள் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

திரும்பி வாசலைப் பார்த்தேன். ஜெயசீலன் படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் குச்சியோடு உட்கார்ந்திருந்தார். அவர் முகம் எங்கள் பக்கம் இருந்தது, தாடி நனைந்திருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு செவலை நாய், இந்தப் பயணத்துக்கென்றே கிள்ளானில் வாங்கிய என் மிருதுவான செருப்பில் ஒன்றை நிதானமாகக் கவ்விக்கொண்டிருந்தது. திருவிருந்தின் நடுவில் எப்படிக் கத்துவது?

ஆராதனை முடிந்ததும் முதலில் வெளியே வந்தவள் தேசம்மாதான். வழக்கம்போல வரிசையை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒண்ணு கொறையுதே!"

ஜெயசீலன் அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

"நாலு வருஷத்துல நான் ஒண்ணு தொலச்சிக்கீறனா? உன்ன ஒரே ஒரு நாளு உக்கார வெச்சேன். கண்ண எங்க வெச்சிகினு இருந்த?"

"உன் மேலதான் தேசம்மா" என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, வா. அந்தம்மா செருப்பத் தேடலாம்" என்று முன்னால் நடந்தாள். அவர் குச்சியோடு பின்னால் போனார். இருவரும் ஏரிக்கரையில் நாயைத் தேடிக்கொண்டு போவது தெரிந்தது.

நான் ஒற்றைச் செருப்போடு படியில் அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, கைப்பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்தேன். இதுவரை எத்தனை இருளருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்? ‘பூஜ்யம்’ என்று எழுதினேன். பழக்கம் விடவில்லை, பக்கத்தில் ஒரு சரிக்குறியும் போட்டேன்.